மண்ணைக் கொத்தியது யார்?

(கொல்லிமலை குண்டனி நாட்டில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



மிளகும் மரவள்ளியும் விளையும் இந்த மலையில் நின்று ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதியைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடையில் நமக்கு வேண்டியதும் இருக்கிறது, நம்மை வீழ்த்தியதும் இருக்கிறது.

1689இல் அவர் எழுதி வெளிவந்த நூல் சொல்வது இதுதான்: ஒவ்வொருவரின் உடலும் அவரவருக்குச் சொந்தம். அந்த உடலின் உழைப்பும் அப்படியே. பொதுவாகக் கிடந்த மண்ணில் உழைப்பைக் கலந்தவருக்கே அந்த மண். பிறப்பால் யாரும் ஆளப் பிறந்தவரில்லை. மக்களின் ஒப்புதல் இல்லாத ஆட்சி ஆட்சியே இல்லை.

ஆனால் அதே நூலில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்லும் தனக்கே சொந்தம் என்கிறார். உழைத்தது ஒருவர், சொத்து இன்னொருவருக்கு! அமெரிக்கப் பூர்வகுடிகள் உழாத நிலத்தை வீண்நிலம் என்றார். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பணமும் போட்டிருந்தார்.

நமக்கு இது புதிதா? தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் நட்டதும் அறுத்ததும் தலித் மக்களின் கைகள். மிராசு மட்டும் ஆதிக்க சாதிக்கு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. அப்படியும் ஏராளமான நிலம் கைமாறிப் போனது.

மலைக்கு வந்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். மண் ஆறட்டும் என்று மலைவாசிகள் ஓயவிட்ட நிலம் அதிகாரிகள் கண்ணுக்குத் தரிசு. பாட்டன் திருத்திய மண்ணில் பேரன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். இது வரலாற்று அநீதி என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வனநிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

அந்த மனுவை முதலில் விசாரிப்பது தாசில்தார் அல்ல, கிராம சபை. உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் கூடி, பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. 12இல் ஒன்றுகூடப் பின்வாங்கவில்லை. சுரங்கத் திட்டம் நின்றது. லாக் பேசிய ஒப்புதலுக்கு உயிர் கொடுத்தவர்கள் டோங்கிரியா கோந்த் மக்கள்.

அதனால் தோழர்களே, லாக்கின் விதியை எடுத்துக்கொள்வோம், அவர் வைத்த விலக்கைத் தூக்கி எறிவோம். வேலைக்காரர் வெட்டியது வேலைக்காரருக்கே. கிராம சபைக்கு அம்மாவையும் அக்காவையும் அழைத்துப் போங்கள். ஒவ்வொரு மனுவிலும் கேளுங்கள்: இந்த மண்ணைக் கொத்தியது யார், களை எடுத்தது யார், பெயர் யாருடையது? மலைக்குக் கீழே பஞ்சமி நிலத்தைக் கேட்டு ஒரு சேரி எழுந்தால் அங்கேயும் போய் நில்லுங்கள். கேள்வி ஒன்றுதான்.