அம்மா ஏறிய கோச்சி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "டொக்டர் வந்தால் சீனி வருத்தம், பிரஷர் என்றுதான் பேசுவார்கள். நீ ஏதாவது சந்தோஷமான விஷயம் பேசு" என்றார். ஆகவே ஓர் உல்லாசப் பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. அக்கா மன்னிக்க வேண்டும்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் இப்போது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் வசிக்கிறாள். அவளுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்குக் கணவர் ஒரு பரிசு கொடுத்தார்: பிரிட்டிஷ் புல்மன் ரயிலில் ஒரு நாள் பயணம். லண்டன் விக்டோரியா நிலையத்தில் ஏற வேண்டும். 1920களிலும் 30களிலும் கட்டிய பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர். மெருகேற்றிய மரவேலை, மேசைக்கு மேசை சின்ன விளக்கு, வெள்ளை விரிப்பு. இடையில் இறங்கி ஒரு திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கேயே செய்த வைனைச் சுவைத்துவிட்டு, மாலையில் திரும்ப வேண்டும். குளிர் நாடான இங்கிலாந்தில் திராட்சையா என்று கேட்டேன். தெற்கு இங்கிலாந்தின் சுண்ண மண், பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதி மண்ணைப் போன்றதாம். டைட்டிங்கர் என்ற பிரெஞ்சு நிறுவனமே கென்டில் காணி வாங்கி 2017 இல் திராட்சை நட்டிருக்கிறது.

அன்று இரவு அவள் என்னை அழைத்தாள். "எல்லாரும் கிளாஸைப் பிடிச்சிட்டுப் படம் எடுத்தாங்கடி. நான் மட்டும் நின்னு நிரை எண்ணிட்டிருந்தேன். ஒரு ஆளுக்கு எத்தனை நிரைன்னு கேக்க வாய் வரைக்கும் வந்திருச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "அடுத்த வருஷம் ஊருக்கு வாறேன். நம்ம கோச்சியில இப்படி ஒருநாள் போவோம். அம்மாவையும் கூட்டிட்டு வா. எத்தனை நாள் அவங்க சுட்ட ரொட்டியைத் தின்னிருப்பேன்!"

நம் நாட்டிலும் அந்த வகை ரயில் ஒன்று உண்டு. வைஸ்ரோய் ஸ்பெஷல் என்று பெயர். உல்லாசப் பயணிகளுக்காக 1980களில் தொடங்கியது. பழைய ஆவி எஞ்சின் இழுக்கும். குழுவாக வாடகைக்கு எடுத்துக் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போவார்கள். தோழி சொன்னபடி வந்து, ஒரு குழுவோடு சேர்ந்து, எங்கள் மூன்று பேருக்கும் இடம் பிடித்துவிட்டாள்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. என் அம்மா கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். விடியுமுன் வாளியோடு மலைக்குப் போய், மழை பெய்தால் அன்றைய பேர் போய்விடுமே என்று வானத்தைப் பார்த்து நிற்பார். அந்தக் காசில்தான் நான் இந்தப் பாடசாலைக்கு வந்தேன். அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. கோச்சி என்றால் மட்டும், "எனக்குத் தல சுத்தும், வாந்தி வரும்" என்பார். நான் பேராதனையில் மருத்துவம் படித்த காலம் முழுவதும் என்னைப் பார்க்க பஸ்ஸில்தான் வந்தார். மலைப்பாதை பஸ்ஸில் சுற்றாத தலை கோச்சியில் மட்டும் எப்படிச் சுற்றும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. டொக்டரான பிறகு அதற்குச் சினரிசின் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பயணத்தன்று காலையிலும் ஒன்று கொடுத்தேன்.

ரயிலில் ஏறியதும் பரிசாரகர் குனிந்து, "மெடம், டீ ஊற்றவா?" என்று கேட்டார். மெடம் யாரென்று அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். மதியச் சாப்பாடு உள்ளே தருவார்கள் என்று சொல்லியும் கேளாமல், பையில் ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்திருந்தார். தோழி அதை வாங்கி வெள்ளை விரிப்பின் மேலேயே வைத்துச் சாப்பிட்டாள்.

நான் வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தப் பாதையில் முதல் ரயில் 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867 இல் கண்டியை எட்டியது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் அதைப் போட்டார்கள். நம் முன்னோர் அப்போதும் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். கோப்பி கோச்சியில் போனது, கோப்பி பறித்தவர்கள் நடந்தார்கள். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914 இல்தான். இப்படி நான் பெரிய சரித்திர ஆசிரியை மாதிரி பேசிக்கொண்டிருக்கும்போது, பொல்காவலையில் சிக்னலுக்காக ரயில் நின்றது.

அம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். மேடையைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வாந்திதான் என்று நினைத்து நான் பையைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்து, "இங்கதான் புள்ள அக்காவ ஏத்திவிட்டது" என்றார்.

உங்களில் பலருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இளைய தங்கைமாருக்காகச் சொல்கிறேன். கண்டிப் பாதையிலிருந்து வடக்குப் பாதை பிரிகிற சந்தி பொல்காவலை. மாகோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்கள் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எழுதியது. மிகுதி 150,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் அக்கா அங்கே, தங்கை இங்கே. அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்குத் தோட்டத்தில் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

பெரியம்மா இந்தியாவில் இருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மற்றதை அன்றுதான் கேட்டேன். தோட்டத்து லொறியில் தகரப் பெட்டிகளோடு வந்து இறங்கியதாம். பெரியம்மாவின் இடுப்பில் ஒரு குழந்தை. ஜன்னல் வழியாகக் கண்ணாடி வளையலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். ரயில் நகர்ந்த பிறகும் இருவரும் கையை விடவில்லை. அம்மா மேடை முடியும்வரை ஓடியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கோச்சியில் ஏறவே இல்லை. மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு நீலகிரியிலிருந்து சில. 1983 ஜூலையில் எங்கள் லயம் எரிந்தபோது விலாசமும் எரிந்தது. அடுத்த வருடம் கப்பலும் நின்றுபோனது.

சிக்னல் விழுந்தது. ரம்புக்கணையில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள்; எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு கடுகண்ணாவை வரை ஏற்றம். நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயர்கிற பாதை. ஒரு பக்கம் அலகல்ல மலை, மறு பக்கம் பள்ளத்தாக்கு, தூரத்தில் பத்தலேகல. அம்மா ஜன்னலோரம் அமர்ந்து பேசிக்கொண்டே வந்தார். தலை சுற்றவில்லை.

மருத்துவ பீடத்தில் முதலில் கற்றுத் தருவது நோயாளியின் வரலாற்றைக் கேட்பது. எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு தொடங்கியது என்று கேட்டு டிக்கட்டில் எழுதாமல் மருந்தில் கை வைக்கக்கூடாது. ஆயிரக்கணக்கானவர்களிடம் அதைக் கேட்டவள் நான். என் தாயிடம் கேட்கவில்லை. மாத்திரை எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் தேடத் தொடங்கினோம். நம் சங்கத்து அக்கா ஒருவருக்குக் கோத்தகிரியில் உறவினர் இருந்தார்கள். மூன்று மாதத்தில் பெரியம்மாவின் மகளைக் கண்டுபிடித்தார்கள். இடுப்பில் இருந்த அதே குழந்தை. பெரியம்மா தாயகம் திரும்பியோருக்காக அமைத்த டேன்டீ தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் தேடுவதற்கு ஆறு வருடம் முன்பே காலமாகிவிட்டார். "சிலோன்ல இருந்து யாரு வந்தாலும், ரம்புக்கணைப் பக்கமான்னு அம்மா கேப்பாங்க" என்று தொலைபேசியில் சொன்னார் அந்த அக்கா. என் அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியில ஒங்கம்மாவுக்குக் கால்வலி இருந்துச்சா?" பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இன்னும் தாங்கமுடியாமல் இருக்கிறது.

தோழிகளே, சொகுசு ரயிலில் ஏறாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தாராளமாக ஏறுங்கள். கென்டிலும் ஏறுங்கள், கொழும்பிலும் ஏறுங்கள். நம் தாய்மார் ஒரு நாளாவது "மெடம்" என்று அழைக்கப்படட்டும். ஆனால் அவர்களை ஜன்னலோரம் அமர்த்துங்கள். நீங்கள் கதை சொல்லாதீர்கள், அவர்களிடம் கேளுங்கள்.

இரத்தினபுரிப் பக்கத்து அக்காமாருக்கு வேறு கோச்சி இருந்தது. களனிவெளிச் சின்னக் கோச்சி 1912 இல் இரத்தினபுரிக்கும் 1919 இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அந்தப் பாதையைக் கைவிட்டுவிட்டார்கள். அதில் பயணம் செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எங்கே போனார்கள், யாரை ஏற்றிவிட்டார்கள் என்று இந்த வருடமே கேட்டுவிடுங்கள்.

சங்கத்திடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். நூற்றாண்டு நினைவாக நூலகத்தில் ஒரு பெரிய கொப்பி வைப்போம். ஒவ்வொரு பழைய மாணவியும் ஒரு பக்கம் எழுதட்டும்: என்னைப் பாடசாலைக்கு அனுப்பியவர் யார், அவர் எங்கிருந்து வந்தார், அவரை விட்டுப் போனவர் யார், கடைசியாகத் தெரிந்த ஊர் எது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் திருச்சியிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு அந்தப் பக்கங்களை அனுப்புவோம். யாராவது ஒருவருக்கு ஆறு வருடம் பிந்தாமல் இருக்கலாம். முதல் பக்கத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்; அதிபரிடம் கொடுத்துவிட்டே போவேன்.

தலைமன்னார்ப் பாதை 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டது. பெரியம்மா போன வழியைப் பார்க்கவேண்டும் என்று அம்மா சொல்கிறார். போக இருக்கிறோம், மூன்றாம் வகுப்பில். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு. மாத்திரை எடுத்துப் போகமாட்டேன்.