சூட்டு வலியா, பிள்ளை வலியா?

நிறைமாதத்தில் வயிறு வலித்தால், "சூட்டு வலிதான், சோம்புக் கஷாயம் குடி" என்பார்கள் பெரியவர்கள். பல சமயம் அது சரியாகவே இருக்கும். என் மனைவிக்கும் அப்படித்தான் சொன்னோம். விடியட்டும் என்று காத்திருந்தோம். பிள்ளை செம்மண் சாலையில், வண்டிக்குள்ளேயே பிறந்துவிட்டது.

ஆகவே, கடிகாரத்தைப் பாருங்கள். சூட்டு வலி ஒழுங்கின்றி வரும். சற்றுப் படுத்தாலோ நடந்தாலோ அடங்கும். பிள்ளை வலி பெரும்பாலும் இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும். வரவர நெருங்கும், கடுமையாகும், நடந்தாலும் நிற்காது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 1 நிமிடம் நீடித்து, 1 மணி நேரம் தொடர்ந்தால் தலைப்பிள்ளைக்காரியும் புறப்பட வேண்டும். முன்பே பெற்றவர்களும் தொலைவில் இருப்பவர்களும் அதற்கும் முந்திப் புறப்படுங்கள்.

சளிபோல் சிறிது இரத்தக்கறை பட்டால், நேரம் நெருங்குகிறது என்று பொருள். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பெருகினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரம் நிறையுமுன் வலி கண்டாலோ, ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பரிசோதனைப் புத்தகமும் துணிமணியும் இப்போதே கட்டி வையுங்கள். வண்டிக்காரரிடமும் சொல்லி வையுங்கள். பொய் வலியென்று திரும்பி வந்தால் வெட்கமில்லை. பிந்திப் போவதுதான் ஆபத்து.