மாட்டுக்குப் போட்ட ஊசி



'அறிவியல் ஆய்வும் அரசின் கொள்கையும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் முப்பது வருஷம் மாட்டுக்கு ஊசி போட்டவன். அதனால் ஒரே ஒரு ஊசியைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

டைக்ளோஃபெனாக். உங்களில் பாதிப் பேர் முட்டிவலிக்கு விழுங்கியிருப்பீர்கள். தொண்ணூறுகளில் விலை மலிந்து மாட்டு வைத்தியத்துக்கும் வந்தது. மடி வீங்கி ஆளை அண்டவிடாத பசு, கால் ஊன்ற முடியாத எருது, எதுவானாலும் சாயந்திரம் ஊசி போட்டால் விடிகாலையில் எழுந்து தவிட்டுத் தண்ணீர் குடிக்கும். "டாக்டரய்யாவுக்கு ராசியான கை" என்பார்கள். ராசி குப்பிக்குள் இருந்தது. நானும் மறுத்துப் பேசியதில்லை.

ஊசி போட்டும் பிழைக்காத மாடுகள் உண்டு. செத்ததை ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள். பாறுகள் இறங்கும். பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளிக்கிறோமே, அதுதான். சடாயு என்று பெயர் சொன்னால் மட்டும் கைகூப்புவோம். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். அந்த இறைச்சியில் தங்கியிருந்த மருந்து பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல், ஈரல் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகப் படிந்தது. சில நாளில் பறவை கழுத்துத் தொங்கிச் செத்தது.

எண்ணிக்கை சரிவதை முதலில் கண்டு சொன்னவர் பரத்பூர் சரணாலயத்தில் ஆய்வு செய்த விபு பிரகாஷ். ஏதோ தொற்றுநோய் என்றே நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர்தான் 2004-இல் 'நேச்சர்' இதழில் மருந்தின் பெயரைச் சொன்னார்கள். இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. நூறு செத்த மாட்டில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாட்டை ஒரு கூட்டமே தின்கிறது. ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடுகிறது. அந்த நூற்றில் ஒன்று நான் ஊசி போட்ட மாடாக இருந்திருக்கலாம். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

பறவைதானே போனால் போகிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும் அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பு பாறு இருந்த இடங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்கிறார்கள். மாடு அழுகிக் கிடந்தது, நாய் பெருகியது, வெறிநாய்க்கடி கூடியது, தண்ணீரில் கிருமி சேர்ந்தது. மதிப்பீடுதானே என்று தட்டிக்கழிக்கிறவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இரண்டரை லட்சம்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2006-இலேயே கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் கையில் இருந்ததால் அது சாத்தியமானது. ஆனால் மனிதருக்கான 30 மில்லி குப்பி கடையில் அப்படியே இருந்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு? கடைக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை 3 மில்லியாக்க 2015 ஆயிற்று. நிறுவனங்கள் வழக்குப் போட, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெரிய குப்பிக்கான தடையை உறுதி செய்தது. கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் பாறுகளைக் கொல்லும் என்று ஆய்வாளர்கள் சொல்லிப் பத்தாண்டுக்கு மேல் ஆனபிறகு, 2023-இல்தான் அதைக் கால்நடைக்குக் கொடுப்பதை நிறுத்தினோம்.

மருந்துக்கு உரிமம் கொடுக்கும்போது மாட்டுக்கு ஆகுமா, பால் குடிக்கிறவருக்கு ஆகுமா என்று பார்க்கிறோம். செத்த மாட்டைத் தின்கிறவருக்கு ஆகுமா என்று பார்ப்பதில்லை. அந்தச் சோதனையை உரிமத்துக்கு முன்பே கட்டாயமாக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பறவைக் கூட்டத்தைப் பலி கொடுத்துப் படிக்க, இனிப் பறவை இல்லை. முதுமலையை ஒட்டிய மோயாறு பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

போன மாதம் அந்தப் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒரு பழைய பழக்கக்காரர் போன் செய்தார். "ஏனுங்க டாக்டரய்யா, மாடு செத்துப் போச்சுங்க. காட்டோரமாப் போட்டா கழுகு திங்கும்னு சொன்னீங்களே, போட்டரட்டுங்களா?" எனக்குச் சந்தோஷம். கடைசியாக என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. மருந்துக்கடையில குடுத்தாங்க, போட்டோம்."

குழி வெட்டச் சொன்னேன்.