தனியே விட முடியவில்லையா? துணையோடு விடலாம்!



குடி குடியைக் கெடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. "விடணும்னுதான் நினைக்கிறேன் சார், முடியலையே" என்கிறவருக்கும், அவர் வீட்டு அம்மாவுக்கும் ஒரு வழி சொல்ல வந்திருக்கிறேன்.

நம் ஊரில் கோயிலுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சொட்டு தொடமாட்டார். மாலையைக் கழற்றிய மறுநாளே கடை வாசலில் நிற்பார். ஏன்? அந்த 48 நாளும் கூட நாலு சாமிகள் இருந்தார்கள். விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை என்று துணை இருந்தது. கழற்றியதும் தனி ஆளாகிவிட்டார். அவருக்கு மனஉறுதி இல்லாமல் இல்லை, துணை போய்விட்டது.

அந்தத் துணையை ஆயுள் முழுக்கத் தருவதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935-ல் அமெரிக்காவில், ஆக்ரன் என்ற ஊரில் தொடங்கியது. பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி தொழில் விஷயமாக அங்கே வந்தார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் தோற்றது. மனம் குடியை நாடியது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. விசாரித்துப் போய் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அவர் அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர். அவராலும் தனியாக விட முடியவில்லை. இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த ஜூன் மாதம் டாக்டரும் விட்டார். அதன்பின் சாகும்வரை இருவரும் தொடவில்லை. 1957-ல் இந்த ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது.

கூட்டத்தில் என்ன நடக்கும்? பள்ளிக்கூட அறையிலோ, சர்ச் கூடத்திலோ சிலர் உட்கார்ந்திருப்பார்கள். இடம்தான் சர்ச், கூட்டம் எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கடவுள் பேச்சு வரும். அவரவர் நம்பிக்கைப்படி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம். கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். "இன்றைக்கு ஒருநாள் குடிக்கமாட்டேன்" என்பதே அவர்கள் கணக்கு. நாளைக் கதை நாளைக்கு.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேளுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் காசு ஆகாது. எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி, தமிழில் நடக்கிறதா, மனைவியும் வரலாமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும்; சில, எல்லாருக்கும். திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது என்றும் பாருங்கள். தெரிந்தவர் பார்ப்பார் என்று கூச்சமா? அடுத்த டவுனுக்குப் போங்கள். கடைக்குப் போக வெட்கப்படாதவர் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாத உருவம் தெரியும், பிதற்றுவார். இது உயிருக்கே ஆபத்து; பேய் பிசாசு என்று நினைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். கூட்டம் மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று அல்ல.

தாய்மார்களே, யாரோ சொன்னார்கள் என்று குழம்பில் தெரியாமல் மாத்திரை கலக்காதீர்கள். குடியை நிறுத்தத் தருகிற ஒருவகை மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். அது அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்த்துத் தர வேண்டிய மருந்து.

அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு. 1951-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்சனின் மனைவி லோயிஸ். அவர் குடிப்பது உங்கள் குற்றமல்ல என்பதை அங்கே முதலில் தெரிந்துகொள்வீர்கள். வீட்டில் அடி உதை இருந்தால் பொறுக்க வேண்டாம், 181-ஐக் கூப்பிடுங்கள்.

இடையில் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால்? "எல்லாம் போச்சு" என்று உட்கார வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குப் போய் அதையே சொல்லுங்கள். அங்கே பலர் அப்படித் தவறி எழுந்தவர்கள்தான். அம்மா, அன்றைக்குச் சண்டை போடாமல், "அடுத்த கூட்டம் என்னைக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் இருவரும் உட்கார்ந்து, எந்தக் கிழமை போகலாம் என்று பேசுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள்.