பங்காளிப் பட்டம்

(தருமபுரியில் நடந்த சுயமரியாதைக் கூட்டத்தில் பேசியது)



வீடு வீடாய்ச் சாப்பாடும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கிற வாலிபர்கள் சிலர் இங்கு வந்திருக்கிறார்கள். தங்கள் கம்பெனி ஆர்டர் கூலியைக் குறைத்துவிட்டதாம். வேலை நிறுத்தம் செய்யலாமா என்று கேட்கிறார்கள். "செய்யுங்கள்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவது எனக்குச் சுலபம். அடுப்பு எரியாமல் போவது உங்கள் வீட்டில். ஆதலால் யோசித்தே சொல்லுகிறேன்.

உங்களைக் கம்பெனிக்காரர்கள் தொழிலாளி என்று சொல்வதில்லை; "பார்ட்னர்", அதாவது பங்காளி என்கிறார்கள். தொழிலாளியைக் கூலிக்காரனாய் வைக்காமல் பங்காளியாக்க வேண்டும் என்று பெரியார் எத்தனையோ தடவை சொன்னார். இன்று முதலாளியே அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டான், பங்கைத்தான் கொடுக்கவில்லை! நம் ஊர்ப் பங்காளி ஒரு முழ வரப்புக்குக் கோர்ட்டு ஏறுவான். நீங்களோ சொந்த வண்டி, சொந்த பெட்ரோல், விழுந்தால் சொந்தக் கால்! 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனிகள் வருஷ வரவில் 100-க்கு 1 முதல் 2 வரை உங்கள் நலநிதிக்குக் கட்டவேண்டும். நல்லதுதான். ஆனால் கூலி என்ன என்பதில் உங்களுக்கு வாயில்லை.

கூலி எப்படிக் குறைந்தது என்றால், "செயலியில் அப்படித்தான் வந்தது" என்கிறீர்கள். பிரம்மா எழுதிய தலையெழுத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? செயலியை எழுதினவன் சம்பளம் வாங்குகிற மனிதன். மாற்றி எழுதச் சொன்னால் எழுதுவான்.

சரி, வேலை நிறுத்தத்துக்கு வருவோம். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் இந்தியா முழுவதும் இத்தொழிலாளர் சங்கங்கள் வேலை நிறுத்தம் கூறின. 10 நிமிஷத்தில் சாமான் என்கிற பைத்தியக்கார ஓட்டம் ஒழியவேண்டும் என்பது ஒரு கோரிக்கை. 31-ந் தேதி சொமேட்டோ, பிளிங்கிட் இரண்டிலுமாக 75 லட்சத்துக்கு மேல் ஆர்டர் போய்ச் சேர்ந்ததாய் முதலாளி பெருமை பேசினார். என்றாலும் 2026 ஜனவரியில் தொழிலாளர் மந்திரி கம்பெனிகளை அழைத்துப் பேசினபின், பிளிங்கிட் விளம்பரத்திலிருந்து 10 நிமிஷத்தை எடுத்துவிட்டது. ஓட்டத்திலிருந்தும் போயிற்றா என்பதை ஓடுகிறவனைத்தான் கேட்கவேண்டும். ஆனால் அந்த 75 லட்சத்தைச் சுமந்தவர்கள் யார்? உங்களைப் போன்றவர்கள்தானே!

அமெரிக்காவில் யு.பி.எஸ். என்று ஒரு பார்சல் கம்பெனி. 2023-ல் அதன் தொழிலாளர் 3,40,000 பேரின் சங்கம், ஆகஸ்ட் 1-ல் நிறுத்துவோம் என்று தேதி வைத்தது. வோட்டுப் போட்டவர்களில் 100-க்கு 97 பேர் சம்மதம். ஜூலை 25-ந் தேதியே கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை. ஏனென்றால் 1997-ல் அவர்கள் 15 நாள் நின்று காட்டியவர்கள்.

நம்மால் ஏன் அப்படி நிற்க முடிவதில்லை? 1921-ல் சென்னை பக்கிங்காம் கர்னாடிக் மில்லில் வேலை நிறுத்தம் மாதக்கணக்கில் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் அநேகர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் ஜாதிக் கலகம் மூண்டது. வேலை நிறுத்தம் தோற்றது. வேலைக்குப் போனவனைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவில் சேர்க்காதவனை, சங்கடம் வந்த அன்று மட்டும் தோழா என்றால் அவன் எதை நம்பி வருவான்?

அது பழங்கதை என்பீர்கள். 2012 நவம்பர் 7-ந் தேதி, ஒரு கலப்பு மணத்தின் பேரால் நத்தம் முதலிய 3 காலனிகளில் வீடுகளைக் கொளுத்தியது இந்த ஜில்லாவில்தான்! ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் இன்று ஒரே கடைவாசலில் ஆர்டருக்கு நிற்கிறீர்கள். ஆனால் ஒருவன் வீட்டில் மற்றவன் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டது உண்டா? நான் கேட்டேன், இரண்டு பேர் தலைகுனிந்தார்கள்.

ஆகையால் இந்த மாதம் வேலை நிறுத்தம் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். முதலில் சங்கம் வையுங்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டில், ஒரு வாரம் அவர்கள் வீட்டில் என்று கூடிச் சாப்பிடுங்கள். நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். அதன்பிறகு தேதி குறியுங்கள், நானும் வருகிறேன்.

மேடைக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், போன் நம்பர் எழுதுங்கள். ஜாதிக்குக் கட்டம் போடவில்லை.