பனியை வெட்டி வழி திறப்பவர்கள்

ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகிற நெடுஞ்சாலையில் ஸோஜிலா என்று ஒரு கணவாய். உயரம் 11,500 அடிக்கு மேல். பனிக்காலத்தில் சாலையின் இருபுறமும் பனி மதிலாக எழுந்து நிற்கும். முன்பெல்லாம் மாதக்கணக்கில் போக்குவரத்தே இருக்காது.

அந்தப் பாதையைத் திறக்கிறவர்கள், 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பின் ஊழியர்கள். காஷ்மீர்ப் பக்கமிருந்து ‘பீக்கன்’ அணி. லடாக் பக்கமிருந்து ‘விஜயக்’ அணி. புல்டோசரும் பனி வெட்டும் இயந்திரமுமாக இரு அணிகளும் முன்னேறி, நடுவழியில் சந்திக்கின்றன. 2023இல் கணவாய் மூடிக்கிடந்தது 68 நாள். 2025இல் 32 நாள்தான். காய்கறி லாரிகளுக்கும் நோயாளிகளுக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

2021இல் இந்த அமைப்பின் சாலைக் கட்டுமானப் பிரிவு ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு பெண் தலைமை ஏற்றார். அவர் பொறியாளர் வைஷாலி ஹிவாசே.

இந்த வேலையில் ஆபத்தும் கூடவே இருக்கிறது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மானா கிராமத்துக்கு அருகே, சாலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாமைப் பனிச்சரிவு மூடியது. 54 பேரில் 46 பேரை உயிரோடு மீட்டார்கள். எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பனிச்சரிவு வரும் பாதையிலிருந்து விலகிய முகாம்களும், உரிய நேரத்து எச்சரிக்கையும் அந்தத் தொழிலாளர்களுக்கு அவசியம் வேண்டும்.