கைக்கருவிக்குள் எந்த வரைபடம்?

(சந்திப்பு விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிக்கலா ஏதாவது பேசு, ஆனா தூங்க வச்சிடாதே" என்று செயலாளர் சொல்லிவிட்டார். விருந்துச் சாப்பாடு முடிந்த நேரம். முதல் பாதிக்கு மட்டும் நான் பொறுப்பு.

நான் திருவதிகைக்காரன். நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலத்தடி நீர்மட்டம் அளப்பது என் வேலை. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை, அதே கிணறுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். "அதே" என்பதுதான் கஷ்டம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே செம்மண், ஒரே மரம்.

"போன்லயே மேப் இருக்கே, இந்த டப்பா எதுக்கு?" என்று மதியம் ஒரு நண்பர் கேட்டார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் மாவட்டத்தை அடித்துப் போட்ட பிறகு எத்தனை நாள் கரண்டும் சிக்னலும் இல்லாமல் கிடந்தோம் என்பதை அவர் மறந்துவிட்டார். என் கையில் இருப்பது கார்மின் இட்ரெக்ஸ் 30எக்ஸ். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஒரு நாள் முழுக்க ஓடும். மழையில் நனையலாம். டவர் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் உள்ளே இருப்பது பேருக்கு ஒரு வரைபடம்தான், பெரிய சாலைகள் மட்டும். மற்றதை நாம்தான் போட வேண்டும். எதைப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் காசு கொடுத்து ஒன்று வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். ஊருக்குள் நன்றாகத்தான் இருந்தது. தெரு திருப்பமெல்லாம் சொல்லும், பெட்ரோல் பங்க் காட்டும். ஒரு கருவிக்கு வாங்கியது இன்னொன்றில் வேலை செய்யாது, பூட்டு உண்டு. அதைக்கூட மன்னிக்கலாம். ஒருநாள் சாயங்காலம் அது காட்டிய சாலையில் போனேன். சாலை ஒரு மண்மேட்டில் போய் முட்டி நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் சுரங்கம்.

அந்த வரைபடம் பொய் சொல்லவில்லை. வரைந்த அன்று சாலை இருந்திருக்கும். 1957இல் வெட்ட ஆரம்பித்தார்கள், 1961இல் கரி தெரிந்தது. அன்றிலிருந்து நெய்வேலியில் சுரங்கம் நடந்துகொண்டே இருக்கிறது. முன்பக்கம் மேல்மண்ணை வெட்டி, கரி எடுத்து முடிந்த பின்பக்கத்தில் கொட்டி நிரப்பி, அதன்மேல் மரம் வைக்கிறார்கள். முன்னால் இருந்த சாலையும் வீடும் போகிறது, பின்னால் இல்லாத காடு வருகிறது. இப்படிப்பட்ட ஊருக்கு, விற்பவர் திருத்தினால்தான் உண்டு என்று காத்திருக்கும் வரைபடம் எப்படி உதவும்?

இரண்டாவதாக ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தென்னிந்தியப் பகுதியின் தரவை மட்டும் இறக்கி, எம்கேஜிமேப் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் கார்மினுக்கு வேண்டிய கோப்பாக மாற்றித் தரும். ஜாவா இருந்தால் சாதாரண லேப்டாப்பே போதும். கோப்பை மெமரி கார்டில் 'கார்மின்' ஃபோல்டருக்குள் போட்டால் முடிந்தது. அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு, தயாராக மாற்றி வைத்திருக்கும் புண்ணியவான்களும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. ஆள் போன இடம்தான் அதில் இருக்கும். நகரத்தில் டீக்கடை வரை இருக்கும், கொல்லைப் பக்கம் வெறும் வெள்ளை. ஆனால் என் கருவி பதிவு செய்த தடத்தை ஏற்றி, அந்த வெள்ளையில் நானே வண்டிப்பாதையை வரைகிறேன். அடுத்த வாரம் மாற்றிப் போட்டால் என் கருவியிலேயே அது தெரிகிறது. வாங்கிய வரைபடத்தில் இதைச் செய்ய எனக்கு வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. இதோடு உயரக்கோடுகளையும் சேர்த்துத் தருவார்கள். அவை பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் ரேடாரால் அளந்ததிலிருந்து எடுத்தவை. மலைக்கு வயசாகாது, சரி. நெய்வேலியில் அந்தக் கோடுகள் காட்டும் பள்ளம் 2000இல் இருந்த பள்ளம். இன்று அதில் மரம் நிற்கலாம். சாலை இந்த வருஷத்தது, உயரம் அந்த வருஷத்தது, இரண்டும் ஒரே திரையில்! பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, சர்வே ஆஃப் இந்தியா தாள். 1:50,000 அளவு ஓப்பன் சீரிஸ் தாள்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாக எடுக்க முடிந்தது. (இதற்கும் அதற்கும் ஆங்கிலச் சுருக்கம் ஓ.எஸ்.எம். தான். நான் பட்ட குழப்பம் உங்களுக்கு வேண்டாம்.) தாளைப் படமாக்கி, கூகுள் எர்த்தில் இடம் பொருத்தி, 'கஸ்டம் மேப்' ஆகக் கருவியில் போடலாம். அது வெறும் படம், வழி சொல்லாது. ஆனால் ஏரி, ஓடை, கிணறு என்று நம் தொழிலுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

நான் வசமாக மாட்டிக்கொண்டதும் இங்கேதான். அந்த வருஷம் எனக்குப் புதிதாக ஒரு பகுதி கொடுத்தார்கள். என் முன்னோர் ஜி.பி.எஸ். இல்லாமல் காலால் தெரிந்து போன கிணறுகள் அவை. பழைய 58எம் தாளில் பென்சில் புள்ளியாக இருந்தன. புள்ளிகளின் அட்சம், தீர்க்கத்தைப் படித்துக் கருவியில் ஏற்றினேன். அது கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் ஒரு போர் இருந்தது. அளந்தேன். போன தடவையைவிட நீர்மட்டம் நன்றாக மேலே. சந்தோஷமாக எழுதிக்கொண்டு, கொல்லைக்காரப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கப் போனேன்.

தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, எம் போர்ல தண்ணி எறங்கிக்கிட்டே போவுது. நீங்க ஏறியிருக்குன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார்.

"இல்லைங்கய்யா, நானே இப்பதான் அளந்தேன்."

"எங்க அளந்தீங்க, வாங்க காட்டுங்க."

போனோம். "இது எம் பங்காளி போரு. ஆழம் கம்மி. என்னுது அந்தப் புளியமரத்துக்கு அண்டை." நடந்து பார்த்தேன், ஏறக்குறைய இருநூறு மீட்டர்.

நெய்வேலி மண்ணில் கரிக்கு மேலே ஒரு நீர், கரிக்குக் கீழே அழுத்தத்தோடு வேறொரு நீர். கீழ்நீர் சுரங்கத்தின் அடியை மேலே தள்ளிவிடாமல் இருக்கத்தான் இரவு பகலாகப் பம்பு ஓடுகிறது. பெரியவர் போர் கீழ்நீரில், பங்காளியுடையது மேல்நீரில். அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் இறங்குகிறது என்று மனுவோடு அலைந்துகொண்டிருந்தார்கள். "ஏறியிருக்கிறது" என்று என் அறிக்கை மறுநாள் போயிருக்கும்.

தப்பு கருவியுடையதல்ல. 1802இல் லாம்டன் பரங்கிமலையில் தொடங்கிவைத்த பெரும் அளவையின் வழியில் வந்தவை நம் பழைய தாள்கள். பூமியின் வடிவத்துக்கு அவை எடுத்துக்கொண்டது எவரெஸ்டின் 1830 கணக்கு. ஜி.பி.எஸ். பேசுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. ஒரே எண்ணை இரண்டிலும் வைத்தால் நம் பக்கத்தில் சுமார் இருநூறு மீட்டர் தள்ளிப்போகும். தாளில் அது நாலு மில்லிமீட்டர்தான், கொல்லையில் பங்காளி வீடு. ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கிலேயே வருகின்றன, அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. பழைய தாளை ஸ்கேன் செய்கிறவர்கள் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, டேட்டத்தை மாற்றிக் கணக்கிட்ட பிறகு ஏற்றுங்கள். சர்வே கேம்பில் நம் வாத்தியார் ஒவ்வொரு உயரத்துக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் "எதிலிருந்து?" என்று எழுதுவார், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குச் சிரித்தோம்.

இப்போது என் கார்டில் இரண்டு கோப்பு. ஓட்டுவதற்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், மாதம் ஒருமுறை புதிதாகச் செய்தது. கிணறு தேட சர்வே தாள். உயரக்கோடு இல்லை, எடுத்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கியதை மெட்ராஸ் போகும்போது மட்டும் திறக்கிறேன், அங்கே அதை அடித்துக்கொள்ள முடியாது.

தம்பி தங்கையருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு சார்ந்த சில விவரங்களுக்கு மட்டும் தடை. சுரங்கத்துக்குள் ஏறிக் குதிக்கச் சொல்லவில்லை. பொங்கல் லீவில் பண்ருட்டியிலிருந்து கெடிலக்கரை ஓரமாகத் திருவதிகை வரை நடப்போம். ஓடை, மதகு, பொதுக்கிணறு எல்லாவற்றையும் குறிப்போம். கருவி இரண்டு என்னிடம் இருக்கிறது. பேட்டரி மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசைக்கு வரவும்.